நம்பர்ச் சட்டை

ஜெனீற்றாவின் வீட்டுக் கொடியில் அந்த வருசச் சோளகக் காற்றுக் காலம் முழுக்கத் தோல் சட்டைகள்தான் ஆடின. உண்மையில் அது வலை காயவேண்டிய கொடி. புருசன் ஜெகதீசின் வலையை எதிர்க்கரை இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போனபிறகு அதில் காயப்போட வேறு என்னதான் இருந்தது? வெயில் மண்டையைப் பிளக்கிற ஊர்காவற்றுறைக் கரையில், கழுத்துக்கு ஆட்டுமயிர் வைத்துத் தைத்த குளிர்ச்சட்டைகள் வரிசையாகத் தொங்கினால் ஊர் சும்மா இருக்குமா? றோட்டால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, “என்ன பிள்ளை, ஐஸ் மழை பெய்யப்போகுதாமோ?” என்று கேட்டார்கள். “ஓம், ரேடியோவிலை சொன்னவங்கள். உங்களுக்கும் ஒண்டு எடுத்து வைக்கட்டோ?” என்பாள் ஜெனீற்றா. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்தான் அவளைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

சட்டைகளைக் கொண்டுவந்து போட்டவன் கோபிசங்கர். சரவணைக்காரன். பாட்டன் காலத்தில் காலிப் பக்கம் சுருட்டுக்கடை வைத்திருந்த குடும்பம். இவன் கனடாவில் வளர்ந்தவன். தாய் சரோஜினிதேவியைப் பார்த்துவிட்டுப் போகவென்று வந்தவன், போகாமல் நின்று, பூட்டிக் கிடந்த அறைகளைத் திறந்து வீடு முழுக்கத் தோல் மணக்கப் பண்ணிவிட்டான். எண்பது வருசத்துக்கு முந்தின உலக யுத்தத்தில் விமானக்காரர் போட்ட சட்டையைப் பார்த்து அச்சொட்டாகத் தைத்த புதுச் சட்டைகள் அவை. தைப்பதெல்லாம் தெற்கில். அடையாளங்கள் வைப்பதற்குத்தான் அவனுக்கு ஒரு கை தேவைப்பட்டது. காரைநகர்த் துறையில் அக்கரைக்கு ஆளேற்றுகிற பாதைக்குக் காத்துக்கொண்டு நின்றபோது ஒரு வள்ளத்தின் அணியத்தில் எழுதியிருந்த எழுத்தைப் பார்த்து, இது யாருடைய கை என்று விசாரித்து விசாரித்து வந்து சேர்ந்தான். ஜெனீற்றா கரையில் வள்ளங்களுக்குப் பேரும் நம்பரும் எழுதுகிறவள். நூல் பிடித்த மாதிரி இருக்கும் அவளுடைய எழுத்து.

“சட்டை போலி அக்கா. அது வாங்கிறவனுக்கும் தெரியும்,” என்று கோபி முதல் நாளே சொல்லிவிட்டான். “ஆனால் அதிலை இருக்கிற அடையாளம் அசலா இருக்கவேணும். ஒரு கோடு பிசகினாலும் கண்டுபிடிச்சுத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். இதிலை விசர் பிடிச்ச ஆக்கள் இருக்கினம்.”

“போலிச் சட்டைக்கு அசல் அடையாளமோ? நல்ல கதைதான் தம்பி.”

“அதுதான் அக்கா யாவாரம்.”

இடது நெஞ்சில் ஆளின் பேர்ப்பட்டி. அதற்குக் கீழே படையணியின் வட்டச் சின்னமும் நம்பரும். முதுகில் விமானத்தின் செல்லப்பேர், பெரிய எழுத்தில். சிலதில் அரைகுறை உடுப்போடு ஒரு பெட்டை காலை மடித்துக்கொண்டு இருப்பாள். அதைக் கீறுகிற நாட்களில் ஜெனீற்றா திருஇருதயப் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருப்பாள். எல்லாவற்றுக்கும் கீழே, வரிசை வரிசையாகச் சின்னக் குண்டுகள். பெருவிரல் அளவில், மஞ்சள் நிறத்தில், மூக்குக் கீழும் பெட்டி போன்ற வால் மேலுமாக விழுகிற குண்டுகள்.

“ஒருக்காப் போய்ப் போட்டிட்டு உயிரோடை திரும்பி வந்தால் ஒரு குண்டு கீறுவினம்,” என்று கோபி விளங்கப்படுத்தினான்.

“அது விழுந்த இடத்திலை இருந்தவைக்கு?”

கோபி நாடியைச் சொறிந்தான். கெட்ட பிள்ளையில்லை அவன். “அதுக்கு ஒருத்தரும் அடையாளம் கீறேல்லை அக்கா,” என்றான்.

ஜெனீற்றாவுக்கு முதல் சட்டையில் கை கூசியது. பிறகு கூசவில்லை. எட்டாத ஊர், எந்தக் காலத்துச் சண்டையோ, செத்தவர்களும் கொன்றவர்களும் மண்ணாகியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேலையும் சுகமாகத்தான் இருந்தது. பெயின்ற் காயமுதல் சோளகம் மண்ணை அள்ளிவந்து அப்பியபோது அவள் தலையில் கையை வைத்தாள், கோபி வந்து பார்த்து, “ஐயோ, அருமை! அசல் மாதிரிக் கிடக்கு!” என்று துள்ளினான். அன்றிலிருந்து காற்று மண் போடாத சட்டைகளுக்கு இவளே மண்ணை அள்ளிப் போட்டுத் தேய்க்கவேண்டியதாயிற்று. படிச்ச பிள்ளைகள் எதற்கு ஆசைப்படும் என்று யாருக்குத் தெரியும்?

அப்படித் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் வேலியில் விட்டிருந்த பொட்டு வழியாக நுழைந்து வந்தாள் மேரிஜோசப்பின்.

ஜெகதீசின் தமக்கை அவள். ஒரு வேலி தள்ளித்தான் வீடு. தொண்ணூறாம் ஆண்டு பொம்பர் விமானம் போட்ட குண்டில், ஏழு வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்தவள். ஜோர்ஜ் என்று பேர், ஒரே பிள்ளை. அடுத்த நாளே அள்ளிக்கட்டிக்கொண்டு ஊரை விட்டு ஓடி, வருசக்கணக்காக அகதியாய் அலைந்து, திரும்பி வந்து, சேமக்காலையில் நாயுண்ணிப் பற்றைக்குள் பிள்ளையைப் புதைத்த இடத்தைத் தேடிப் பிடித்துச் சீமெந்தால் கட்டினாள். புருசன் சில்வெஸ்ரரும் போய்ச் சேர்ந்தபிறகு அவளும் அவள் காயப்போட்டு விற்கிற கருவாடும்தான். பேச்சுக் குறைவு, சிரிப்பு அறவே இல்லை. இப்போது பலாலிக்குப் பயணிகளைக் கொண்டுவருகிற விமானம் மேலால் போனாலும், கையில் என்ன இருந்தாலும் அப்படியே வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் இருந்துவிடுவாள். அவளுக்கு முன்னால் அந்தக் குடும்பத்தில் யாரும் குண்டு என்ற சொல்லைச் சொல்வதில்லை. குண்டூசியைக்கூட ‘அந்தச் சின்ன ஊசி’ என்றுதான் சொல்வார்கள்.

சட்டைக்குக் கிட்ட வந்து குனிந்து பார்த்தாள் ஜோசப்பின்.

“உதென்னடி மீன்?”

ஜெனீற்றாவின் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். மச்சாள் பகிடி விடவில்லை. அந்த முகத்தில் பகிடி விட இடமில்லை. அறுபது வருசம் மீனோடு சீவித்த கண் அது. கொழுத்த உடம்பும் ஒடுங்கின வாலும் கண்டால் மீன் என்றுதான் சொல்லும்.

“சூரை மச்சாள்,” என்றாள்.

“சூரையோ? சூரைக்கு வால் உப்பிடி இராதே. செட்டையையும் காணேல்லை, கண்ணையும் காணேல்லை.”

“இது வெளிநாட்டுச் சூரை.”

“அங்கை கண்ணில்லாமலே நீந்துதோ?”

“ஐசுக்குள்ளை கிடக்கிறதுக்குக் கண் என்னத்துக்கு?”

“ஏன் எல்லாம் தலைகீழாய்ப் பாயுது?”

“ஆழத்துக்குப் பாயுதாக்கும்.” பொய் ஒன்று வெளியே வந்துவிட்டால் மற்றவை கேட்காமலே பின்னால் வருகின்றன. “அங்கை வெள்ளையள் பொழுது போக்கிறதுக்குத் தூண்டில் போடுறவை மச்சாள். எத்தினை பிடிச்சவையோ அத்தினையையும் சட்டை முதுகிலை கீறுவிச்சுப்போட்டுத் திரிவினம். பெருமைக்கு.”

ஜோசப்பின் அதை யோசித்துப் பார்த்தாள். “எங்கடை ஆக்கள் உப்பிடிக் கீறத் தொடங்கினால் சட்டை காணாது. சாரத்திலையும் கீறவேணும்,” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

ஜெனீற்றா கலியாணம் முடித்து அந்த வளவுக்கு வந்தபிறகு மச்சாள் சிரித்து அவள் பார்த்ததில்லை. முன்பல் ஒன்று இல்லை என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த நாள் ஜோசப்பின் தானாக வந்தாள். சாக்கை விரித்து இருந்துகொண்டு, “நீ வரம்பைக் கீறு, உள்ளுக்கு மஞ்சளை நான் அடைக்கிறன்,” என்றாள். வேண்டாம் என்று சொல்ல ஜெனீற்றாவுக்கு ஆயிரம் வழி இருந்தது. பெயின்ற் மணம் உங்களுக்கு ஒத்துவராது என்றிருக்கலாம், கோபி பேசுவான் என்றிருக்கலாம். சொல்லவில்லை. கோபி கொண்டுவந்து குவித்த சட்டைகளுக்கு இன்னொரு கை தேவையாயிருந்தது. அந்தச் சிரிப்பும் தேவையாயிருந்தது. எது முதல் என்று மாதாவுக்கு முன்னால் நிறுத்திக் கேட்டாலும் அவள் நேராகப் பதில் சொல்லமாட்டாள்.

ஆனால் என்ன கை அது! உப்பு அரித்து வெடித்த விரல்கள், பெயின்ற் பிறஸைப் பிடித்தால் நடுங்குவதில்லை. ஒரு மாதத்தில் வரம்பையும் ஜோசப்பினே கீறினாள். வால் பெட்டியின் நான்கு மூலையும் அளந்த மாதிரி வந்தது. கோபி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, “அசல், அசல்” என்று தலையாட்டினான். ஜோசப்பின் பிறஸ் பிடித்தபடி ஊர்க்கதை கதைத்தாள். கோயில் பாட்டு முணுமுணுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒடியல் கூழ் காய்ச்சி, நண்டும் திருக்கையும் போட்டு, பிலாவிலையோடு கொண்டுவந்து தந்தாள். ஜெகதீஸ் மூன்று தரம் வாங்கிக் குடித்தான். பிறகு கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

“எனக்கு இப்ப இரவிலை நித்திரை வருது பிள்ளை,” என்றாள் ஜோசப்பின் ஒருநாள். “கண்ணை மூடினால் உந்த மஞ்சள் மீனுகள்தான் வரிசையா வருது. முந்தி வேறை என்னெல்லாமோ வரும்.”

ஜெனீற்றா பிளேன்ரீ போடுகிற சாட்டில் எழும்பிக் குசினிக்குள் போனாள். அடுப்புக்கு முன்னால் நின்று, கேத்தில் கொதித்து ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எடியே ஜெனீற்றா, பிள்ளையைக் குண்டுக்குக் குடுத்தவளின் கையாலேயே குண்டு கீறுவிக்கிறாயே, உனக்கு நல்ல சாவு வருமா என்று தன்னைத்தானே திட்டினாள். திட்டிவிட்டு ரீயைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வேறு என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை.

ஒருதரம் பிடிபடப் பார்த்தாள். கோபி மோட்டச்சைக்கிளை நிறுத்தாமலே வேலிக்கு மேலால் கத்தினான்:

“அக்கா! பொம்பர் ஜக்கற் அஞ்சு அவசரமா வேணும்!”

அந்தச் சட்டைக்கு உலகம் முழுக்க அதுதான் பேர். ஜோசப்பினின் கையிலிருந்து பிறஸ் விழுந்தது. முகம் சுண்ணாம்பாய்ப் போயிற்று.

“என்ன... என்ன பொம்பர்?”

“பொம்பரில்லை மச்சாள், நம்பர்! நம்பர்!” என்று ஜெனீற்றா பாய்ந்து விழுந்து சொன்னாள். “நம்பர்ச் சட்டை. நெஞ்சிலை நம்பர் கிடக்கெல்லோ, அதுதான். தம்பிக்குக் கனடா நாக்கு, தமிழ் தடக்குது.”

வேலிக்கு மேலால் அவள் பார்த்த பார்வையில் கோபிக்கு விசயம் விளங்கிவிட்டது. “ஓம் அன்ரி, நம்பர்,” என்றான். பாவம், அவனுக்கும் காது சிவந்துபோயிற்று. அன்றிலிருந்து ஜோசப்பின் அவற்றை நம்பர்ச் சட்டை என்றே சொல்லிக்கொண்டு திரிந்தாள். கரையில் மற்றவர்களுக்கும் அதுவே பேராகிவிட்டது.

ஜெகதீசுக்கு எல்லாம் தெரியும். அடுத்த நாள் விடிய, புட்டும் சொதியும் போட்டுக் கொடுத்துவிட்டு ஜெனீற்றா அவனுக்கு முன்னால் குந்தினாள்.

“இஞ்சருங்கோ, எனக்கு ஏலாது. மச்சாளுக்குச் சொல்லப்போறன்.”

“என்னத்தை?”

“என்னத்தையெண்டு தெரியாத மாதிரிக் கேளாதையுங்கோ.”

ஜெகதீஸ் புட்டைக் குழைத்தபடி இருந்தான். “சொல்லி?”

“சொன்னால் இந்தப் பாரம் இறங்கும்.”

“உமக்கு இறங்கும். அதைத் தூக்கி ஆரின்ரை தலையிலை வைக்கப்போறீர்? அக்கா எனக்குக் கூழ் காய்ச்சித் தந்து எத்தினை வருசம் தெரியுமோ? ஜோர்ஜ் இருக்கேக்கை காய்ச்சினது. அவவுக்கு அது மீனெண்டால் மீனா இருக்கட்டும். நீர் வாயை மூடிக்கொண்டிரும்.”

“தெரிய வந்தால்?”

“ஆர் சொல்லப்போயினம்? நீர் சொல்லாட்டி ஒருத்தரும் சொல்லாயினம்.”

அது நியாயம்போலவும் இருந்தது. ஆனால் நெஞ்சு கேட்டால்தானே? பரலோகமாதா திருநாளுக்கு முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவள், “பொய் சொன்னேன் சுவாமி,” என்று மட்டும் சொன்னாள். சுவாமி வெக்கையில் களைத்துப்போய் இருந்தார். அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். எந்தப் பொய் என்று அவர் கேட்கவுமில்லை, இவள் சொல்லவுமில்லை. முழங்காலில் நின்று மந்திரத்தைச் சொல்லி முடித்தாள். பாவம் போன மாதிரித் தெரியவில்லை. சுவாமியையும் சேர்த்து ஏமாற்றிவிட்டோம் என்பதுதான் மிச்சம்.

சோளகம் விழுந்து காற்று ஓய்ந்தது. ஐப்பசி மழை தொடங்கியது. கொடியில் தொங்கின சட்டைகளை எல்லாம் உள்ளே கொண்டுவந்து கதிரைகளிலும் அலுமாரிக் கதவிலும் மாட்டினார்கள்; வீட்டுக்குள் தலையில்லாத ஆட்கள் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. காயாத பெயின்ற் மணமும் ஈரத்தோல் மணமும் சோற்றிலும் ஏறிவிட்டன. கோபி அந்தத் தொகுதியை அப்படியே கட்டிக்கொண்டு போனான். அடிச்சிரட்டையில் கொஞ்ச மஞ்சள் பெயின்ற் மிஞ்சிக் கிடந்தது. “எனக்குத் தா பிள்ளை, ஒரு வேலை இருக்கு,” என்று ஜோசப்பின் வாங்கிக்கொண்டு போனாள். வாசல் கதவுக்குப் பூசப்போகிறாளாக்கும் என்று ஜெனீற்றா நினைத்தாள்.

ஆத்துமாக்கள் திருநாளன்று மழை கொஞ்சம் விட்டுத் தந்தது. பின்னேரம் சுவாமி வந்து கல்லறைகளை மந்திரிப்பார்; அதற்குமுதல் புல்லுப் பிடுங்கி, வெள்ளை அடித்து, பூ வைக்கவேண்டும். சேமக்காலை முழுக்கச் சனம். சுண்ணாம்பு வாளியோடு ஒரு பக்கம், மண்வெட்டியோடு ஒரு பக்கம். கொழும்பிலிருந்து வந்தவர்கள் செருப்பில் சேறு படாமல் குதித்துக் குதித்து நடந்தார்கள். ஜெனீற்றா செவ்வரத்தம்பூவும் மெழுகுதிரியும் எடுத்துக்கொண்டு போய்ச் சேர, ஜோசப்பின் வாசல் படலையிலேயே காத்துக்கொண்டு நின்றாள்.

“ஏன் பிள்ளை இவ்வளவு நேரம்? வா, வந்து பார்.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சின்னப் பெட்டை மாதிரி.

ஜோர்ஜின் கல்லறை வெள்ளை வெளேரென்று இருந்தது. சிலுவையில் அவனுடைய பேர், கறுப்பில். பேருக்கு மேலே, சிலுவையின் இரண்டு கையிலும், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக மஞ்சள் குண்டுகள். மூக்குக் கீழே, வால் மேலே. ஒரு பிசகு இல்லை. வால் பெட்டியின் நான்கு மூலையும் அளந்த மாதிரி. எல்லாம் ஜோர்ஜ் என்ற பேரின் மேல் விழுந்துகொண்டிருந்தன.

ஜெனீற்றா பூவை நெஞ்சோடு அமத்திப் பிடித்துக்கொண்டாள்.

“வடிவோ?” என்றாள் ஜோசப்பின். “விடிய வந்து கீறினனான். அவனுக்கு மீனெண்டால் உயிர். தேப்பன் வள்ளத்தாலை இறங்கமுதலே ஓடிப்போய்த் தண்ணிக்குள்ளை நிப்பான். ஒருக்காலும் அவனுக்கெண்டு நான் ஒண்டும் செய்யேல்லை எண்டு இருந்தது பிள்ளை. இப்பதான் மனம் ஆறுது.”

கோயில் மூப்பர் பஸ்ரியாம்பிள்ளை ஊன்றுகோலோடு வந்து நின்று பார்த்தார். “அச்சா வேலை பிள்ளை. மீன்பிடிகாரன்ரை பிள்ளைக்கு மீன்தானே பொருத்தம். ஆண்டவரும் மீனைப் பெருக்கிக் குடுத்தவரெல்லோ,” என்றார். வயது போன கண். அவருக்கும் அது மீன்தான். சுற்றி நின்ற நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்துக் கல்லறைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்த திரேசம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது.

“ஜோசப்பினக்கா, எங்கடை ஐயாவுக்கும் ரண்டு கீறிவிடுங்கோவன். அந்த மனுசனும் கடலிலை கிடந்து செத்த மனுசன்.”

“அதுக்கென்ன, கீறுறன்.”

“அப்படியே எங்கடை அம்மாவுக்கும்,” என்று பின்னால் இன்னொரு குரல்.

ஜோசப்பின் பாவாடையைச் செருகிக்கொண்டு சிரட்டையைத் தூக்கினாள். அவளை யாரும் இப்படிக் கூப்பிட்டு எத்தனை வருசம்! திரேசம்மாவின் தகப்பன் கல்லறையில் இரண்டு குண்டு விழுந்தது. அடுத்ததில் ஒன்று. சேமக்காலை முழுக்கப் போடுவாள் இனி. இந்த ஊர் எந்த வானத்துக்குப் பயந்து ஓடியதோ, அந்த வானத்திலிருந்து விழுந்ததை இந்த ஊர்ச் சனத்தின் கல்லறைகளிலேயே வரிசையாகக் கீறி வைக்கப்போகிறாள். சுவாமி வந்து அதன்மேல் தீர்த்தமும் தெளிப்பார்.

“ஜெனீற்றா, என்ன மரம் மாதிரி நிக்கிறாய்? இன்னொரு பிறஸ் கிடக்கு, எடு. அங்காலை நீ கீறு.”

ஜெனீற்றா பிறஸை எடுத்தாள். யாரோ ஒரு ஆச்சியின் சிலுவைக்கு முன்னால் குந்தினாள். கை அசையவில்லை. இவ்வளவு நாளும் அசைந்த கை.

எழும்பி வந்து மச்சாளின் தோளைத் தொட்டாள். “ஒருக்கா இஞ்சாலை வாங்கோ.”

“என்னடி, பெயின்ற் காயப்போகுது.”

“வாங்கோ மச்சாள்.”

மதில் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எப்படியெல்லாமோ சொல்லலாம் என்று மாதக்கணக்காக யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

“அது மீனில்லை மச்சாள்.”

“எது?”

“நீங்கள் கீறினது. சட்டையிலை கீறினதும் மீனில்லை, இஞ்சை கீறினதும் மீனில்லை.”

“பின்னை?”

“குண்டு.” அந்தச் சொல்லை மச்சாளின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். “பொம்பராலை போடுற குண்டு. அந்தச் சட்டையள் பொம்பர் ஓட்டினவையின்ரை சட்டை மாதிரித் தைச்சது. ஒருக்காப் போட்டிட்டு வந்தால் ஒண்டு கீறுவினமாம். நீங்கள் மீனோ எண்டு கேட்டீங்கள். நான் ஓமெண்டு பொய் சொன்னனான். பிறகு சொல்ல ஏலாமல் போச்சுது.”

ஜோசப்பின் தன் வலது கையைப் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் மஞ்சள். பாவாடையில் தேய்த்தாள். போகவில்லை. திரும்பவும் தேய்த்தாள்.

“கோபிக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

“என்ரை தம்பிக்கு?”

“ஓம் மச்சாள்.”

“அப்ப எனக்கு மட்டுந்தான் மீன்,” என்றாள் ஜோசப்பின்.

சத்தம் போடுவாள், அடிப்பாள், மயங்கி விழுவாள் என்றெல்லாம் ஜெனீற்றா பயந்திருந்தாள். அடித்திருந்தால் நல்லது என்றுகூட இருந்தது. ஜோசப்பின் ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போனாள். சுண்ணாம்பு வாளிக்குப் பக்கத்தில் கிடந்த பழந்துணியை எடுத்து, திரேசம்மாவின் தகப்பன் கல்லறையில் ஈரம் காயாத மஞ்சளை அழுத்தித் துடைத்தாள்.

“என்னக்கா, ஏன் அழிக்கிறியள்?”

“இந்தப் பெயின்ற் சரியில்லை பிள்ளை. மழைக்கு வடிஞ்சு வெள்ளையையும் பழுதாக்கிப்போடும். வேறை நல்லது வாங்கி ஆறுதலாக் கீறுவம்.”

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அடுத்ததையும் துடைத்து, மேலே சுண்ணாம்பைப் பூசிவிட்டாள். தன்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கவும்தான் மச்சாள் இந்தப் பொய்யைச் சொல்கிறாள் என்று ஜெனீற்றாவுக்கு விளங்கியது. அவளுக்கு நிலத்துக்குள் போய்விடலாம்போல இருந்தது.

அவளும் ஒரு துணியை நனைத்துக்கொண்டு ஜோர்ஜின் கல்லறைக்கு ஓடினாள். விடியக் கீறியது, காய்ந்திருந்தது. மண்ணெண்ணெய் விட்டால் போகும், போகாவிட்டால் சுரண்டலாம். முழங்காலில் குந்திச் சிலுவையைப் பிடித்தாள். பின்னாலிருந்து மணிக்கட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்தது.

“அதிலை தொடாதை.”

“மச்சாள், அது...”

“என்னெண்டு எனக்குத் தெரியும். இப்பதானே சொன்னனீ.”

கல்லறையின் விளிம்பில் இருந்தாள் ஜோசப்பின். மூச்சு வாங்கியது. கடலைப் பார்த்துக்கொண்டு கதைத்தாள்.

“அண்டைக்கு நான் கிணத்தடியிலை மீன் வெட்டிக்கொண்டு இருந்தனான். பொம்பர் பதிஞ்சு வந்தது. எல்லாரும் பங்கருக்கு ஓடுதுகள். நான் இவனைத் தேடுறன். இவன் முத்தத்திலை நிண்டு அண்ணாந்து பாத்துக்கொண்டு நிக்கிறான். வெயில் பட்டு மினுங்கிச்சுது பிள்ளை, மேலை. ‘அம்மா, வானத்தாலை மீன் விழுகுது’ எண்டு கத்தினவன். கையைத் தட்டித் தட்டிச் சிரிச்சவன். பொறுக்கிறதுக்கு ஓடினவன் அவன்.”

ஜெனீற்றா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அவன்ரை தேப்பனுக்கும் சொல்லேல்லை. சொன்னால் அழுவினம். ஆனால் அவன் பயப்பிடேல்லை. அவனுக்கு அது கடைசிவரைக்கும் மீன்தான். இதிலை கிடக்கட்டும். அழிக்காதை.”

“என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ மச்சாள்,” என்று ஜெனீற்றா அழுதாள். மூக்கு வடிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. அந்தப் பக்கம் கோயில் மணி அடித்தது. சுவாமி குடையோடு படலைக்குள் வந்துகொண்டிருந்தார். சனம் கதையை விட்டுவிட்டு மெழுகுதிரிகளைக் கொளுத்தத் தொடங்கியது.

ஜோசப்பின் ஜெனீற்றாவின் கையிலிருந்த மெழுகுதிரியை வாங்கி, பிள்ளையின் கால்மாட்டில் குத்தினாள். காற்றுக்குக் கையால் மறைத்துப் பிடித்தாள். வெளிச்சம் பட்டு விரல்களின் மஞ்சள் இன்னும் மஞ்சளாய்த் தெரிந்தது.

“எத்தினை சட்டை போயிருக்கும்?”

“தெரியாது மச்சாள். கனக்க.”

“இவன்ரை சிலுவையிலை கீறினது மீன். அது எனக்கும் அவனுக்கும் தெரியும். அந்தச் சட்டையளிலை நான் கீறினது குண்டுதானே?”

ஜெனீற்றா ஓம் என்று தலையை ஆட்டினாள்.

“அதுகளைப் போட்டுக்கொண்டு திரியிறவை, ஆர் கீறினதெண்டு கேப்பினமோ?”

“கேக்கமாட்டினம் மச்சாள். ஒருத்தரும் கேக்காயினம்.”

“கேட்டாலும் கேப்பினம்,” என்றாள் ஜோசப்பின். மன்னிப்புக் கேட்டு அழுதுகொண்டு நின்றவளின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தக் குரல் மன்றாடியது. “கேட்டால், ஜோர்ஜின்ரை தாய்தான் கீறினவள் எண்டு மட்டும் சொல்லிப்போடாதை பிள்ளை.”